லேடி டாக்டர் ஓட்டுன காரு

தம்பி, ஸ்போர்ட்ஸ் கார் பாக்குறியாமே? புதுசு இல்லயாம், கை மாறுனதாம். உசரம் முழங்கால் மட்டும் இருக்கணுமாம். உக்குவளையில ஸ்டார்ட் பண்ணா ரத்தோட்டைக்குச் சத்தம் கேக்கணுமாம். மாத்தளை டவுன் பூரா இதே பேச்சு. நல்லது. ஆசைப்படுற வயசு, ஆசைப்படு. நான் ஒண்ணும் தடுக்க வரல. இப்பிடி இஸ்தோப்புல உக்காரு. ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் பேசுவோம். கார் எங்கயும் ஓடிராது. அந்தச் சாதிக் காரு அவ்வளவு லேசுல ஓடாது.

முதல்ல ஒண்ணு கேக்குறேன். அத எங்க ஓட்டப் போறே?

கண்டிக்கா? ஏ9 ரோட்டுல 26 கிலோமீட்டர். அக்குறணைக்கு வந்துட்டா ஒரு பக்கம் லொறி சாமான் எறக்கும், மறுபக்கம் பஸ் ஆள் ஏத்தும், நடுவுல நீ நிப்பே. பெருமழை பெஞ்சா பிங்கா ஓயா ரோட்டுக்கே ஏறி வந்து உன்னய விசாரிக்கும். நிலத்துல இருந்து நாலு விரக்கடை உசரத்துல ஓடுற காருக்கு அது தோதான எடம்தான், போ.

சரி, வடக்கால போறேங்கிறியா? பலாபத்வெல, நாலந்தா, நாவுல, தம்புள்ளைன்னு ரோடு போகுது. நல்ல ரோடு, நான் குறை சொல்லல. ஆனா சட்டம் என்ன சொல்லுது? காருக்கு ஊருக்குள்ள 50, ஊருக்கு வெளிய 70. அதுக்கு மேல போனா மர நெழல்ல வேகம் அளக்குற கருவியோட பொலிஸ் ஐயாமார் நிப்பாங்க. எழுபதுல போறதுக்கு நிமிஷத்துக்கு 9000 சுத்து சுத்துற எஞ்சின் எதுக்குடா? உன் மச்சானோட ஆல்ட்டோவே எழுபதுல போகுமே. மலைக்கறி மூட்டையோட போகுமே.

அதிவேகப் பாதை இருக்குங்குறியா? இருக்கு. நமக்கு மாத்தளையில இல்ல, குருநாகலுக்கு எறங்கணும். மீரிகம - குருநாகல் துண்ட 2022 சனவரியில தெறந்தாங்க. ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கயும் 100தான் உச்சம். கணக்குப் போட்டுப் பாரு. இருபத்துநாலு நிமிஷம். அந்த இருபத்துநாலு நிமிஷமும் பக்கத்து லேன்ல ஒரு வேகன் ஆர், பின்னால மூணு புள்ளைங்க, ஒரு பாட்டி, மடியில புளிச்சோத்துப் பொட்டலம், எல்லாம் 100லயே உன் கூட வரும். கடைசியில ரெண்டு பேரும் ஒரே வாசல்ல காசு கட்டிட்டு எறங்குவீங்க. பாட்டி உன் காரப் பாத்து, "பாவம், மேல்பாதி இல்லாம வித்துட்டாங்க போல"ன்னு சொல்லும்.

ரத்தோட்டையில இருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறுற ரோடு ஒண்ணுதான் இந்தக் காருக்குன்னு பொறந்தது. முடக்குக்கு முடக்கு, ஏத்தம், திருப்பம். அத நான் ஒத்துக்குறேன். ஆனா எதுக்க இலுக்கும்புற பக்கம் இருந்து வர்ற பஸ்ஸுக்கு அந்த விசயம் தெரியாது. மஞ்சு எறங்குச்சுன்னா உன் பானெட் எங்க முடியுதுன்னு உனக்கே தெரியாது. அதுலயும் ஞாயித்துக்கிழமைன்னா கொழும்புல இருந்து வந்த வேன் எல்லாம் நடு ரோட்டுல நின்னு போட்டோ புடிக்கும். வேகம் எங்க வரும்?

மாத்தளையில ஜனம் திரும்பிப் பாக்குற வண்டி எதுன்னு உனக்குத் தெரியும். மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோயில்ல இருந்து பொறப்படுற அஞ்சு தேர். அது போற வேகத்துக்கு எறும்பு கூட ஒதுங்காது. லட்சம் கண்ணு பாக்குது. அப்ப பாக்குறதுக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? நீ வாங்குறது வேகத்தயா, பார்வையயா? நல்லா ரோசி. பார்வைன்னா பெயின்ட் அடிச்சாலே வந்துரும். லட்சக்கணக்குல செலவு பண்ண வேணாம்.

ஸ்போர்ட்ஸ் காரே கூடாதுன்னு நான் சொல்றேன்னு நினைக்காதே. அத வெச்சு மரியாதயா வெளயாடுறவங்க இந்த மலைநாட்டுலயே இருக்காங்க. நுவரெலியாவுல மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ல ஆரம்பிச்சது. வெள்ளக்காரத் தொரைமார் காலத்துல தொடங்குனது. தோட்டத்து ரோட்டுல, தேயிலைக்கு நடுவுல, ஒரு நேரத்துக்கு ஒரு கார் மேல ஏறும். எவன் குறைஞ்ச நேரத்துல ஏறுறானோ அவன் ஜெயிச்சான். ரோட்ட மூடி, தலையில ஹெல்மட் மாட்டி, ஓரத்துல ஆம்புலன்ஸ நிப்பாட்டி வெச்சிட்டுத்தான் ஏறுவாங்க. நீ என்ன பண்ணுவே? மாத்தளை பஸ் ஸ்டாண்ட் முன்னால, டியூசன் விடுற நேரம் பாத்து, ஆக்சிலேட்டர மிதிப்பே. புள்ளைங்க காதப் பொத்தும். அதுக்குப் பேரு பந்தயமா?

இப்ப காருக்கு வருவோம். நீ பாத்து வெச்சிருக்கிறது மஸ்டா ஆர்எக்ஸ்-8தானே? எனக்குத் தெரியும். நம்ம நாட்டுல பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுற பயலுக எல்லாம் சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிப்பானுக. காயிதத்துல 1308 சீசீ. சின்ன எஞ்சின்னு சொல்லும். எஞ்சின் கொள்ளளவப் பாத்து வரி போடுற நாடு இது. வரிக்காரருக்கு அது சின்னக் கார், பெட்ரோல் ஷெட்டுக்காரருக்குப் பெரிய கார். ரெண்டு பேர்ல எவர உனக்கு அடிக்கடி பாக்க வேண்டி வரும்?

அந்த எஞ்சினப் பத்தி உனக்கு எவனாச்சும் சொன்னானா? நமக்குத் தெரிஞ்ச எஞ்சின்ல பிஸ்டன் மேல போகும், கீழ வரும். இதுல பிஸ்டனே கெடயாது. இடுப்பு ஒடுங்குன ஒரு கூட்டுக்குள்ள முக்கோணக் கட்டி ஒண்ணு சுழலுது. அப்பிடி ரெண்டு கட்டி. ஜெர்மன்காரர் பெலிக்ஸ் வான்கெல் கண்டுபிடிச்ச வேல அது. ஒவ்வொரு கம்பெனியா எடுத்துப் பாத்துட்டு, கட்டுப்படியாகாதுன்னு கீழ வெச்சிட்டுப் போனாங்க. மஸ்டாக்காரன் மட்டும் விடல. 1967லயே காஸ்மோன்னு ஒரு கார்ல போட்டான். 1991ல பிரான்சுல லு மான் 24 மணித்தியாலப் பந்தயத்துல அவனோட 787பி முதலா வந்துச்சு. ஜப்பான் கம்பெனி ஒண்ணு அங்க ஜெயிச்சது அதுதான் முதல் தடவ. பெரிய சாதன. தொப்பியக் கழட்டி வணக்கம் வைக்கலாம். ஆனா அந்தக் காருக்குப் பின்னால ஒரு படையே மெக்கானிக் நின்னுச்சு. உனக்குப் பின்னால யாரு நிப்பா? நம்ம சந்திக் கராஜ் பாஸ். அவருக்கு டிஸ்கவர் பைக்கும் டிமோ பட்டாவும் அத்துப்படி. முக்கோணத்த அவர்ட்டக் காட்டுனா கோயில் யந்திரத் தகடுன்னு கும்புட்டுட்டு மூடி வைப்பாரு.

2003ல இருந்து 2012 வரைக்கும்தான் அந்தக் கார செஞ்சானுக. கடைசியா வந்ததுக்கே இப்ப நல்ல வயசு. அந்த முக்கோணத்தோட மூணு மூலையிலயும் மெல்லிசா ஒரு சீல் இருக்கும். அது தேஞ்சா கம்ப்ரஷன் போச்சு. கம்ப்ரஷன் போனா எஞ்சின் போச்சு. அதுக்கு எண்ணெய்ப் பசை வேணும்னு, எஞ்சின் ஒயில கொஞ்சம் கொஞ்சமா உள்ளுக்கு விட்டு எரிக்கிற மாதிரிதான் கம்பெனியே செஞ்சிருக்கு. விளங்குதா? மத்த கார்ல ஒயில் எரிஞ்சா வருத்தம், இதுல எரியாட்டி வருத்தம். ரெண்டு தடவ பெட்ரோல் அடிச்சா ஒரு தடவ கம்பிய உருவி ஒயில் அளவு பாக்கணும். நீ உன் பைக்குக்கு எப்ப ஒயில் பாத்தே? வருசம் சொல்லு, போதும்.

இன்னொரு கூத்தக் கேளு. காலையில கார ஷெட்டுல இருந்து வாசலுக்கு எடுத்து, ரெண்டு பாகம் தூரம் வந்ததும் நிப்பாட்டி, கழுவுவேன்னு வெச்சுக்க. எல்லாரும் செய்றதுதானே? இந்தக் காருக்கு அது ஆகாது. எஞ்சின் சூடேற முந்தி நிப்பாட்டுனா உள்ளுக்குப் பெட்ரோல் தேங்கி ப்ளக் நனைஞ்சு போகும். மறுபடி திருப்புனா கூவும், எழும்பாது. பக்கத்து வீட்டு முத்துசாமியும் பியசேனவும் வந்து தள்ளுவாங்க. பளபளன்னு கழுவுன காரு, பின்னால சாரத்த மடிச்சுக் கட்டுன ரெண்டு பேரு. ஊரே பாக்கும். பார்வைதானே கேட்டே, கெடச்சிருச்சு!

கதவு நாலு இருக்குன்னு வீட்டுல சொல்லி வெச்சிருப்பே. இருக்கு. பின் கதவு பின்பக்கமாத் தெறக்கும், அதுவும் முன் கதவத் தெறந்தாத்தான். உன் அம்மா மொழங்கால் வலியோட, சேலையப் புடிச்சுக்கிட்டு, அதுக்குள்ள குனிஞ்சு ஏறி உக்காரட்டும். நான் காருக்கு மாலை போடுறேன். எறங்கட்டும், உனக்குப் போடுறேன்.

போதும், இனி வாங்குற விசயம். மாடு வாங்கப் போனா நாம என்ன செய்வோம்? வாயத் தெறந்து பல்லப் பாப்போம். நடக்கவிட்டுக் காலப் பாப்போம். மடியத் தொட்டுப் பாப்போம். கடைசியா, "ஏன்யா விக்கிறே?"ன்னு ஒரு கேள்வி போட்டு, பதில் சொல்ற மூஞ்சியப் பாப்போம். ஒரு மாட்டுக்கே இத்தன. பல லட்ச ரூவாக் காருக்கு நீங்க என்ன பாக்குறீங்க? கலரு. அப்புறம் பாட்டுப் பெட்டி.

புரோக்கர் என்ன சொல்வான்னு எனக்குப் பாடம். "லேடி டாக்டர் ஓட்டுனது மாத்தயா. ஒரே ஓனர். ஆசுபத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான்." இந்த நாட்டுல விலைக்கு வர்ற கார் எல்லாத்தயும் லேடி டாக்டர்மாரே ஓட்டியிருந்தா நோயாளிய யாருடா பாத்தது? அதுவும் ஸ்போர்ட்ஸ் கார லேடி டாக்டர் ஓட்டுனாங்களாம். டாக்டர் அம்மா பின் பம்பர எங்க இடிச்சாங்கன்னு கேளு. பேச்ச மாத்துவான்.

ஜப்பான்ல இருந்து ரீகண்டிஷனா வந்த வண்டின்னா அங்கத்திய ஏலத்தாள் இருக்கும். எத்தன கிலோமீட்டர் ஓடுச்சு, எங்க அடிபட்டுச்சு, எல்லாம் அதுல படம் போட்டுக் குறிச்சிருப்பானுக. அதக் கேளு. மீட்டர் 60,000ன்னு காட்டும், பெடலு தேஞ்சு கண்ணாடியா மினுங்கும். எத நம்புவே? மீட்டரத் திருப்பலாம் தம்பி, பெடலத் திருப்ப முடியாது.

அந்த ஆர்எக்ஸ்-8 தான்னு ஒத்தக்கால்ல நின்னேன்னா ரெண்டு சோதன சொல்றேன், எழுதிக்க. ஒண்ணு, கம்ப்ரஷன். சாதா மீட்டரால இத ஒழுங்கா அளக்க ஏலாது. ரோட்டரி எஞ்சினுக்குன்னே கருவி இருக்கு. ரோட்டர் ரெண்டு, ஒவ்வொண்ணுக்கும் முகம் மூணு, ஆக ஆறு எண் தாள்ல வரணும். ஒரு எண்ணு மட்டும் சொன்னா, எழுந்து வந்துரு. மத்தது, அரை மணித்தியாலம் நல்லா ஓட்டு, நிப்பாட்டு, ஒரு டீ குடி, மறுபடி சாவியத் திருப்பு. சூட்டுல எழும்பாம முனகுச்சுன்னா எஞ்சின் தேஞ்சிருக்கு. புரோக்கர் சொல்வான், "பேட்டரி வீக் மாத்தயா." ஆமா, ஆமா. காருக்கு வர்ற வருத்தம் எல்லாம் பேட்டரி வீக்குதான்.

காயிதத்துல கவனம். "ஓப்பன் பேப்பர்ல தாரேன், பேர் மாத்துறது அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்வான். பழைய சொந்தக்காரன் கையெழுத்து மட்டும் போட்டுக் கைமாத்திக் கைமாத்தி வர்ற தாள் அது. இடையில எத்தன பேரு ஓட்டுனான், என்ன பண்ணுனான்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். நாளைக்கு அந்த நம்பருக்கு ஒரு கேஸ் இருந்தா? கையெழுத்துப் போட்ட ஆளு செத்துப் போயிருந்தா? பதிவுப் புத்தகத்த வாங்கி உன் கண்ணால பாரு. அதுல முழு உரிமையாளர்னு லீசிங் கம்பெனி பேரு இருந்துச்சுன்னா, விக்கிறவன் தனக்குச் சொந்தமில்லாதத விக்கிறான். சாசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் புத்தகத்தோட ஒத்துப் பாரு. இந்த வகைக் காருக்கு எஞ்சின் மாத்துறது சர்வசாதாரணம். மாத்துனவன் புத்தகத்துல மாத்துனானாங்கிறதுதான் கேள்வி.

நீயே லீசிங் போடலாம்னு வேற யோசிக்கிறியாம். கட்டணம் ரெண்டு மூணு மாசம் பிந்துனா வந்து சீஸ் பண்ணிட்டுப் போயிருவானுக. அந்தக் காரு உங்க லயத்து ரோட்டுல கல்லுக்குப் பயந்து பதுங்கிப் பதுங்கித்தான் ஏறும். தூக்க வர்றவனுக்குத் துரத்திப் பிடிக்கிற வேல கூட இல்ல.

வாங்குன பிறகுதான் சமுசாரம் தொடங்கும். 18 அங்குல ரிம், அதுக்கு அகலப் பட்ட டயர். மாத்தளை டயர் கடையில கேட்டா, "ஓடர் போடணும்"பான். ஒரு குழி போதும், ரிம் கோணிரும். வருசா வருசம் புகைப் பரிசோதனையில பாஸ் பண்ணுனாத்தான் வாகன வருமான லைசன்ஸ். ஒயில எரிக்கிற எஞ்சின் புகைச் சோதனைக்கு நிக்கிற அழகப் பாக்க எனக்கும் ஆசைதான், சொல்லி அனுப்பு. சைலன்சர வெட்டி சத்தம் கூட்டுனேன்னா பொலிஸ் வேற. 2025 சனவரியில 'க்ளீன் ஸ்ரீலங்கா'ன்னு எறங்கி, ஒட்டுனது மாட்டுனது எல்லாத்தயும் கழட்ட வெச்சாங்களே, மறந்துட்டியா?

பெட்ரோல் கதைய மட்டும் மறக்காதே. 2022 நீ பள்ளிக்கூடம் போன காலம்; ஷெட்டுல ராத்திரி பகலா வரிசையில படுத்தவங்க நாங்க. ஜூன் கடைசியில 92 பெட்ரோல் 470 ரூவா, 95 பெட்ரோல் 550 ரூவா. பெறகு கியூஆர் பங்கீடு வந்துச்சு. காருக்கு வாரத்துக்கு 20 லீட்டர், ஆட்டோவுக்கு 5, பைக்குக்கு 4. இந்தக் கார் லீட்டருக்கு ஏழு கிலோமீட்டர் போகும்னு வெச்சுக்க. இருவது லீட்டருக்கு 140 கிலோமீட்டர். மாத்தளையில இருந்து கொழும்புக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக இந்த வாரம் கொழும்புக்குப் போகலாம், திரும்பி வர்றது அடுத்த வாரம். அந்தக் காலத்துல ஊருல ராசா யாரு தெரியுமா? சைக்கிள் வெச்சிருந்தவன்.

"தாத்தா, இது முதலீடு, வில ஏறும்"னு சொல்லப் போறே. வாயத் தெறக்க முந்தியே தெரியுது. 2020 மார்ச்சுல வாகன எறக்குமதிய நிப்பாட்டுனாங்க. சொந்தக் கார் எறக்க விட்டது 2025 பெப்ரவரியிலதான். நடுவுல அஞ்சு வருசமும் ஓட்டக் காரெல்லாம் தங்கமா வித்துச்சு. வாங்குனதுக்கு மேல வித்துட்டு நெஞ்ச நிமித்துனவனுக நம்ம தெருவுலயே உண்டு. அவன் கெட்டிக்காரன் இல்லடா, நாட்டுக்கு டொலர் இல்ல! அடுத்தவன் பட்டினியில ஏறுன வெலய உன் காரோட அழகுன்னு கணக்கெழுதாதே. இப்ப கதவு தெறந்திருக்கு. நாளைக்கு மூடலாம், மூடாமயும் விடலாம். அந்தச் சூதாட்டத்துக்குக் கார் எதுக்கு?

நெலச்சு நிக்கிற வெலைன்னா என்னன்னு மொரிஸ் மைனரக் கேளு. அதோட கம்பெனி செய்றத நிப்பாட்டி அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் நம்ம ரோட்டுல மூச்சு விடுது. ஏன்? எழுபதுகள்ல எறக்குமதி முடங்குன நேரம் இந்த நாட்டு பாஸ்மார் அத அக்கக்காக் கழட்டிப் படிச்சாங்க. பின்னால அதுக்கு வேணுங்கிற பாகங்கள இங்கயே செஞ்சு இங்கிலாந்துக்கே அனுப்புனாங்க. பொறந்த ஊருக்கே சாமான் அனுப்புற அளவுக்கு நமக்கு அந்தக் காரத் தெரியும். உன் முக்கோண எஞ்சினுக்கு இந்த ஜில்லாவுல சீல் மாத்தத் தெரிஞ்ச ஒருத்தரக் காட்டு. கொழும்புல இருக்காருன்னு சொல்வே. அப்ப கார அங்கயே வெச்சிட்டு நீ பஸ்ல வந்து போ.

மூஞ்சி சுருங்கிப் போச்சே. கவலப்படாதே, வழியும் சொல்றேன். கடன் இல்லாமக் கையில ரொக்கம் இருக்கணும், காரோட வெலைக்கு மேல எஞ்சினுக்குன்னு ஒரு தொகையும் தனியா இருக்கணும். அம்மாவ ஆசுபத்திரிக்குக் கொண்டு போக வீட்டுல ஓடுற வண்டி வேற ஒண்ணு இருக்கணும். அந்த எஞ்சினத் தெரிஞ்ச பாஸ் ஒருத்தர் உன்னோட வந்து பாத்து, ஆறு எண்ணையும் வாசிச்சு, "எடுக்கலாம்"னு சொல்லணும். இந்த மூணும் இருந்தா, வாங்கு ராசா, நானே எலுமிச்சங்கா கொண்டாந்து சில்லுக்கு வைக்கிறேன். விடியக்கால, பஸ் ஓடத் தொடங்க முந்தி, ரிவர்ஸ்டனுக்கு ஏறு. மூணுல ஒண்ணு குறைஞ்சாலும், சாவிய அந்த லேடி டாக்டர்கிட்டயே குடுத்துட்டு வா.